மலையக மாணவரின் ஆங்கிலக் கிரகித்தல்: கேள்வியின் மொழியாகத் தமிழ்

பின்வரும் மூன்று வாக்கியங்களை ஒருமுறை வாசியுங்கள்: ‘மவுசி தன் துவரிப்பை நட்டிக்கொண்டு பெருஞ்சலுக்குப் போனாள். பெருஞ்சலில் துவரிப்பு சளிந்தது. ஆகவே அவள் அதைக் கொழம்பியில் நெவிந்தாள்.’ இனி வினாக்கள். மவுசி எங்கே போனாள்? பெருஞ்சலில் என்ன நடந்தது? அவள் துவரிப்பை ஏன் நெவிந்தாள்? மூன்றுக்கும் முழுப் புள்ளி பெறத்தக்க விடையை எவரும் எழுதிவிடலாம். துவரிப்பு உண்பதா உடுப்பதா, நெவிவது நல்ல செயலா கெட்ட செயலா என்று அறிய வேண்டிய தேவையே எழவில்லை. வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அது கிடைத்த இடத்தில் அருகில் நிற்கும் சொல்லையோ வரியையோ எடுத்தெழுதினால் போதும்.

ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்களில் தமிழ்மொழிமூலம் கற்கும் தரம் 10, 11 மாணவர் பலர் ஆங்கிலக் கிரகித்தல் பந்திகளை இவ்வாறுதான் கையாளுகிறார்கள். அவர்களுக்கு இதைப் பிறர் பழக்கினர். கடந்தகால வினாத்தாள்களை அடுக்கி வைத்து, ‘கேள்வியிலுள்ள சொல்லைப் பந்தியில் கண்டுபிடி, அந்த வரியை எழுது’ என்று பாடசாலையிலும் டியூசன் வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. மாணவர் அதைத் திறமையாகவே செய்கிறார்கள். ‘ஏன்’ என்ற வினா பந்தியில் இல்லாத சொற்களில் கேட்கப்படும்போது, அல்லது விடை இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே கிடைக்கும்போது, அந்தத் திறமை கைவிட்டுவிடுகிறது. அப்போது ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது’ என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது.

அந்தத் தீர்ப்பு பிழையானது. இம்மாணவர்க்கு ஆங்கிலப் பந்தியை விளங்கிக்கொள்வது எப்படி என்று எவரும் கற்பிக்கவில்லை. விளங்கியதா என்று சோதிக்க மட்டுமே செய்கிறோம். கற்பிப்பதற்கு இம்மாணவரிடம் உள்ள மிகப் பெரிய கருவி தமிழ். இன்று வகுப்பறையில் தமிழ் ஏராளமாகப் புழங்குகிறது. ஆனால் ஆங்கிலப் பந்தியை அப்புறப்படுத்திவிட்டு அதன் இடத்தில் தமிழ் உட்காருகிறது. பந்தியை மாணவர் தாமே வாசித்து, அதைப் பற்றித் தமிழில் கேள்வி கேட்டு, தமிழில் வாதிட்டு, மறுபடி ஆங்கில வரிக்குத் திரும்பும் முறை வரவேண்டும். இக்கட்டுரை நிறுவ முயல்வது அதையே.

வரலாற்றின் பங்கு

குறைபாட்டை மாணவரின் தலையில் சுமத்துவதற்கு முன் தோட்டத்தில் ஆங்கிலம் எவ்வாறு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நடுவதற்கு முன்பே, கோப்பித் தோட்டக் காலத்திலேயே, ஆங்கிலம் பங்களாவின் மொழியாகவும் காரியாலயத்தின் மொழியாகவும் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அது கட்டளையாக இறங்கியது. செக்ரோல், கண்டாக்கு, டீமேக்கர், கொந்தரப்பு, பெரட்டு என்று அது தமிழ்க் காதுக்கும் நாவுக்கும் ஏற்ப உருமாறித் தொழிலாளரின் பேச்சில் கலந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு, அந்தப் பெயர் ஏறிய செக்ரோல் ஏட்டை வாசிக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. ஏட்டில் அரைப்பேர் விழுந்ததா முழுப்பேர் விழுந்ததா, அதாவது அரைநாள் கூலியா முழுநாள் கூலியா என்பதைக் கணக்கப்பிள்ளை சொல்லித்தான் அறிந்தார்கள். அவர்களின் வாழ்வைத் தீர்மானித்த எழுத்து முழுவதும் அவர்களால் வாசிக்க முடியாத மொழியில் இருந்தது.

பள்ளிக்கூடமும் இந்த எல்லையைத் தாண்டவில்லை. 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களில் சில பள்ளிகளை நடத்தியது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது வைத்தது. தாய்மொழிக் கல்வி என்பது இன்று நமக்கு உரிமை. அன்று தோட்டத்தில் அது வரம்பாகவே அமைந்தது. எழுத்தும் எண்ணும் கொஞ்சம் தெரிந்தால் போதும், அதற்குமேல் கற்றால் கொழுந்துக் கூடையைச் சுமக்க ஆள் கிடைக்காது என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டின் பிற பகுதிகளில் கதவுகளைத் திறந்தபோது தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே பள்ளிகளும் கட்டம் கட்டமாக அரசின் கைக்கு வந்தன. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்து வகுப்புகள் என்ற நிலையிலிருந்து சாதாரண தரம் வரையான பாடசாலைகள் உருவாகக் கால்நூற்றாண்டு ஆயிற்று. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆங்கிலம் கற்பிக்க மலையகத்திலிருந்தே பயிற்சி பெற்றவர் வருவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

விதிவிலக்குகள் இருந்தன. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலத்திலேயே கவிதையாக்கினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அவருடைய ‘போர்ன் டு லேபர்’ 1970இல் வெளிவந்தது. மலையகத்தின் உயிர்நாடியான எழுத்துகளில் ஒன்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அதை மூலத்தில் வாசிக்க இயலாமல் இருக்கிறார்கள். தோட்டத்துரைமார் சங்கத்தின் அறிக்கைகள், குடியேற்றக் கால நிர்வாகப் பதிவுகள், 1948 விவாதத்தின் ஹன்சார்ட் ஆகியவற்றுக்கும் இதுவே நிலை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்த சமூகம் மலையகச் சமூகம். தன் வரலாற்றுச் சான்றுகளின் பெரும்பகுதி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியின் வாசிப்பை வேலைவாய்ப்புக்கான திறனாக மட்டும் அது கருத முடியாது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளுக்கு ஹட்டன் நகரில் குறைவில்லை. வாசிப்புக்கான அக்கறை அந்த அளவுக்கு இல்லாதது எனக்கு வருத்தம் தருகிறது.

எங்கே தடுக்கிறது?

கிரகித்தல் ஒரே திறன் போலத் தோன்றினாலும் பல திறன்களின் கூட்டு அது. கஃப், டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்த எளிய மாதிரி, வாசித்து விளங்குதலை எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியை விளங்கும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கமாகக் கொள்கிறது. பெருக்கம் என்பதால் இரண்டில் ஒன்று பூச்சியமானால் முழுவதும் பூச்சியம். ஆல்டர்சன் 1984இல் வேறொரு வினாவை எழுப்பினார்: அந்நிய மொழியில் வாசிக்க இயலாமை வாசிப்புச் சிக்கலா, மொழிச் சிக்கலா? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நம் வகுப்பறைக்குள் நுழைந்தால் பல விடயங்கள் துலங்கும்.

முதலில் எழுத்து. தமிழ் எழுத்தில் வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான உறவு பெரிதும் நம்பகமானது. ஆங்கில எழுத்துக்கூட்டல் அந்த நம்பிக்கையைக் குலைக்கிறது. பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவர்களின் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் எழுப்பி வாசிக்கச் சொன்னால் மேலே உள்ள தமிழ் வரியை வாசிக்கிறார்கள். காதுக்கு ஆங்கிலம் கேட்கிறது. கண் ஆங்கிலத்தைத் தொடவில்லை. ‘பெட்’ என்று மேலே எழுதியிருந்தால் அது கட்டிலா, வளர்ப்புப் பிராணியா, பந்தயமா என்று சொல்ல வழியில்லை, ஏனெனில் தமிழ் வரிவடிவம் அந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. உரத்து வாசிப்பதில் சரளம் காட்டும் மாணவர் கிரகித்தலில் தோற்பதற்கு இது ஒரு காரணம். சத்தமாக வாசிக்கவைத்து வாசிப்பை அளப்பது இங்கே ஏமாற்றம் தரும் அளவுகோல்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் தமிழ்மொழிமூல மாணவருக்கே உரிய தடை இது. பொதுவான ஆங்கில ஆசிரியர் கைநூல்களில் காணப்படாதது.

‘காலையில் பறிக்கப்பட்ட கொழுந்து நண்பகலுக்கு முன் நிறுக்கப்பட்டது’ என்பது தமிழ் வாக்கியம். பெயரெச்சம் கொழுந்துக்கு முன் வருகிறது. முற்றுவினை கடைசியில் நிற்கிறது. தமிழ் வாசகர் கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்கப் பழகியவர். அதே செய்தியை ஆங்கிலம் தரும் வரிசை வேறு: கொழுந்து, எது, பறிக்கப்பட்டது, காலையில், நிறுக்கப்பட்டது, முன், நண்பகலுக்கு. இதை இடமிருந்து வலமாக வாசிக்கும் மாணவர் ‘கொழுந்து காலையில் பறிக்கப்பட்டது’ என்றவுடன் வாக்கியம் முடிந்ததாகக் கொள்கிறார். எஞ்சியது அவருக்கு எழுவாய் இல்லாத துண்டு. சில ஆசிரியர்கள் இதற்குத் தரும் மருந்து ‘பின்னாலிருந்து மொழிபெயர்’ என்பது. அது சிறு வாக்கியத்தில் பலிக்கும். நீண்ட வாக்கியத்தில் மாணவரின் கண் வரியின் முடிவுக்கும் தொடக்கத்துக்கும் அலைந்து களைத்துப்போகும். வாசிப்பின் வேகம் செத்துவிடும். மூன்றாம் வாக்கியத்துக்கு வரும்போது முதலாம் வாக்கியம் நினைவில் இராது.

இடைச்சொற்களும் இவ்வாறே. தமிழில் ‘மழை பெய்தாலும்’, ‘மழை பெய்தால்’, ‘மழை பெய்யாவிட்டால்’ என்னும்போது நிபந்தனையும் முரணும் வினையோடு ஒட்டியிருக்கின்றன. வினையைப் பார்த்தவன் அவற்றைப் பாராமல் இருக்க முடியாது. ஆங்கிலத்தில் அவை ‘ஆல்தோ’, ‘இஃப்’, ‘அன்லெஸ்’ என்று வாக்கியத்தின் தலையில் தனிச்சொல்லாக நிற்கின்றன. பெயரையும் வினையையும் பொறுக்கி எடுத்துப் பொருள் கூட்டும் மாணவர் இந்தச் சிறு சொற்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறார். ‘மழை பெய்தாலும் கொழுந்து பறித்தார்கள்’ என்ற செய்தி ‘மழை பெய்தது, கொழுந்து பறித்தார்கள்’ என்று தட்டையாகிவிடுகிறது. அங்கே இருந்த வருத்தமோ உறுதியோ மறைந்துவிடுகிறது.

சுட்டுப்பெயர் இன்னொரு பொறி. தமிழ் உயர்திணையையும் அஃறிணையையும் பிரித்து ‘அவர்கள்’, ‘அவை’ என்கிறது. ஆங்கிலத்தின் ‘தே’ இரண்டுக்கும் பொது. ‘தொழிலாளர் கொழுந்தைப் பறித்தனர், மாலையில் தே லொறியில் பெக்டரிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் அல்லது கொண்டுசெல்லப்பட்டன’ என்ற வகை வாக்கியத்தில் லொறியில் ஏறியது ஆளா, இலையா என்பதை முழுப் பந்தியின் போக்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மாணவரில் பலர் அருகில் நிற்கும் ஆட்பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹாலிடேயும் ஹசனும் 1976இல் ஆங்கிலப் பனுவலின் இணைப்பைப் பற்றி எழுதிய நூலின் மையமே இத்தகைய கண்ணிகள்தாம். நம் வகுப்பில் இவை இலக்கணப் பயிற்சியாக வெற்றிடம் நிரப்புதலில் வருகின்றன, வாசிப்பில் வருவதில்லை.

சொல்வளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உதவியின்றி ஒரு பந்தியை விளங்கிக்கொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. அதாவது 50 சொல்லுக்கு ஒரு புதுச்சொல். 150 சொற்கள் கொண்ட பந்தியில் 3 சொற்கள் மட்டுமே தெரியாதிருக்கலாம். நம் மாணவர் ஒரு வரியிலேயே மூன்று தெரியாத சொற்களைச் சந்திக்கிறார். அத்தகைய பந்தியில் ‘சூழலை வைத்துப் பொருளை ஊகி’ என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. ஊகிக்க வேண்டிய சூழலே தெரியாத சொற்களால் ஆனது.

பின்புல அறிவு வேறொரு பக்கம். ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகியோர் 1979இல் இந்தியர்க்கும் அமெரிக்கர்க்கும் இரண்டு கடிதங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒன்று இந்தியத் திருமணம் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணம் பற்றியது. தம் பண்பாட்டுத் திருமணத்தை இரு சாராரும் விரைவாக வாசித்து அதிகம் நினைவில் வைத்தனர். மற்றதைத் தம் வழக்கத்துக்கேற்பத் திரித்து நினைவுகூர்ந்தனர். மொழி தெரிந்தவர்க்கே இந்த நிலை. விமான நிலையத்தையும் கடற்கரை விடுதியையும் பற்றிய பந்தியை வாசிக்கும் நோர்வூட் மாணவிக்கு மொழியும் புதிது, பொருளும் புதிது.

சோதனையும் கற்பித்தலும்

டோலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் இறுதியில் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை 4,469 நிமிடங்கள் உட்கார்ந்து கவனித்தார். விளங்கிக்கொள்வதைக் கற்பிக்கச் செலவான நேரம் 20 நிமிடங்கள். எஞ்சிய நேரத்தின் பெரும்பங்கு வினாக் கேட்பதிலும் பயிற்சித்தாள் கொடுப்பதிலும் கழிந்தது. ஆங்கிலமே தாய்மொழியாக இருந்த வளமான நாட்டின் நிலை அது. சீன உயர்பாடசாலைகளில் குறுகிய பந்தியைச் சொல் சொல்லாகப் பிரித்து இலக்கணம் விளக்கும் செறிவாசிப்பு மரபு நெடுங்காலமாக நிலவுகிறது. கல்லூரி நுழைவுத் தேர்வில் கிரகித்தல் வினாக்கள் பெரிய பங்கு வகிப்பதால் அங்கும் பயிற்சித்தாள்களே பாடமாகிவிடுகின்றன என்ற கவலை ஆசிரியரிடையே உண்டு. ஆக, இது மலையகத்தின் தனிநோய் அன்று. இங்கே நோயின் விளைவு கடுமையாக இருப்பதற்குக் காரணம், வகுப்புக்கு வெளியே ஈடு செய்ய எதுவும் இல்லாதது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் குடும்பமே வாழும் இடத்தில் ஆங்கில நூல் இல்லை. பெரும்பாலான வீடுகளில் தமிழ் நூலும் இல்லை.

இங்கே வகுப்பறைத் தமிழின் சிக்கல் வருகிறது. தேர்வுக்குப் பிள்ளைகள் தயாராக வேண்டும், பந்தி கடினம், 40 நிமிடப் பாடவேளை. கருணையுள்ள ஆசிரியர் என்ன செய்வார்? பந்தியை வாக்கியம் வாக்கியமாக வாசித்துத் தமிழில் சொல்லிவிடுவார். பிள்ளைகள் கதையை விளங்கிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், வினாக்களுக்கு விடை சொல்கிறார்கள். அவர்கள் கிரகித்தது ஆசிரியரின் தமிழை. இதைக் கண்டு வெறுத்த பயிற்றுநர் சிலர் ‘ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது’ என்கிறார்கள். அந்த வகுப்புகளில் மௌனம் நிலவுகிறது. ஓரிரு பிள்ளைகள் பேச, மற்றவர் கரும்பலகையிலுள்ள விடையைப் பார்த்தெழுதுகிறார்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் தவறுகின்றன: பந்தியோடு மல்லுக்கட்டும் வேலையை மாணவரிடமிருந்து பறித்துவிடுகின்றன.

நம் உரைமரபு இதைவிடத் தெளிவானது. நன்னூலின் பொதுப்பாயிரம் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவிடையையும் உறுப்பாக வைத்தது. மூலத்தின்மீது ஐயம் எழுப்பி, விடை சொல்லி, மறுபடி மூலத்துக்குத் திரும்புவது உரையாசிரியர்களின் வழக்கம். நம் ஆங்கில வகுப்பு அந்த நான்கில் பதப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் கைவிட்டது. அதே பாயிரம் இன்னொன்றும் சொல்கிறது: ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவர் பெறுவது புலமையில் கால்பங்கே, உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறர்க்கு எடுத்துரைக்கும்போது எஞ்சிய பாதி. நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் இதை எழுதியது 13ஆம் நூற்றாண்டில். பலின்சார், பிரவுன் இருவரும் 1984இல் வெளியிட்ட ‘பரிமாற்றக் கற்பித்தல்’ ஆய்வில், எழுத்தை வாசிக்க முடிந்தும் பொருள் விளங்காத ஏழாம் வகுப்பு மாணவர்கள் முறைவைத்து ஆசிரியர் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். பந்தியைச் சுருக்கிச் சொல்வது, வினா எழுப்புவது, விளங்காததைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கையும் அவர்களே செய்தார்கள். கிரகித்தல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. அந்த ஆய்வு நன்னூலின் கருத்தை அறியாமலே அதற்கு வகுப்பறைச் சான்று தந்தது என்று நான் கருதுகிறேன்.

ஒரு பாடவேளை எப்படி இருக்கலாம்

தரம் 10 வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பந்தி 120 சொற்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டப்பட்டு, ரோலரில் அரைபட்டு, காற்றுப்பட்டு நிறம் மாறி, டிரையரில் உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்படுவதைச் சொல்கிறது. இந்த வேலை பிள்ளைகளுக்குத் தெரியும். யாரேனும் ஒருவரின் தந்தையோ மாமாவோ பெக்டரியில் வேலை செய்கிறார். ஆசிரியர் பந்தியைத் தருவதற்கு முன், கொழுந்து மாலையில் உள்ளே போய் மறுநாள் தூளாக வெளிவருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்று தமிழில் கேட்கிறார். பிள்ளைகள் சொல்லும் வரிசை கரும்பலகையில் தமிழில் ஏறுகிறது. பி.ஓ.பி., டஸ்ட் என்ற தரப்பெயர்கள் தாமாக வருகின்றன. அவை ஆங்கிலம் என்பதே பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் உறைப்பதில்லை.

பிறகு பந்தி. ஏழு நிமிடம் மௌன வாசிப்பு. மேலே தமிழில் உச்சரிப்பு எழுத அனுமதி இல்லை. ஆசிரியர் மொழிபெயர்ப்பதில்லை. தெரிந்த சொற்களை அல்ல, வினைகளை மட்டும் கோடிடச் சொல்கிறார். எந்த வினை முற்று, எது பெயரைத் தழுவி நிற்பது என்று பிரிக்க அது உதவும். அதன்பின் நால்வர் கொண்ட குழுக்கள். ஒருவர் முதல் மூன்று வாக்கியங்களைத் தமிழில் சுருக்குகிறார். மற்றவர் ‘எந்த வரியில் அப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறார். இந்த ஒரு கேள்விதான் முறையின் உயிர். தமிழில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்; ஆனால் ஆங்கில வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். ‘தே’ யாரைச் சுட்டுகிறது என்று குழுவுக்குள் சண்டை வரட்டும். கரும்பலகையில் உள்ள வரிசைக்கும் பந்தியின் வரிசைக்கும் எங்கே வேறுபாடு என்று கண்டுபிடிக்கட்டும். பந்தி ஒரு படியை விட்டுவிட்டிருந்தால் பிள்ளைகள் பந்தியைத் திருத்துவார்கள். எழுதப்பட்டதைக் கேள்வி கேட்கலாம் என்ற துணிவு வாசகருக்கு இன்றியமையாதது. இறுதி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு குழுவும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தெரிந்த பொருளில் தொடங்க வேண்டும் என்பதற்காகத் தேயிலையிலேயே தேங்கிவிடக் கூடாது. தோட்டப் பிள்ளைக்குத் தோட்டம் பற்றிப் படித்தால் போதும் என்பது 1907இன் மனப்பாங்கு. அதற்குப் புது வேடம் போட்டு நாமே மறுபடி கொண்டுவரக் கூடாது. தரம் 11 முடிவதற்குள் பனிப்பாறை உருகுவதையும், ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரையும், நோய்த்தடுப்பூசியின் வரலாற்றையும் அதே முறையில் வாசித்திருக்க வேண்டும். கோப்பிப் பயிரை அழித்த பூஞ்சை நோய் பற்றிய பந்தியிலிருந்து தாவர நோயியலுக்கும், ரப்பர்த் தோட்டம் பற்றியதிலிருந்து மலேசியாவுக்கும் போகலாம்.

வகுப்பறை உரையாடல் மட்டும் போதாது; வாசிப்பின் அளவும் கூட வேண்டும். எல்லியும் மங்குபாயும் 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவின் கிராமப் பாடசாலைகளில் சுமார் 250 எளிய ஆங்கிலக் கதைநூல்களை இறக்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழிவந்தோரும் இருந்தனர். கங்காணிகளால் ஆள்திரட்டப்பட்டு இங்கு வந்தோரின் வரலாற்றுக்கு அண்மையது அவர்களது வரலாறு. கதைநூல் வாசித்த வகுப்புகள் பாடநூல் மட்டும் படித்த வகுப்புகளைவிட வாசிப்பில் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முன்னேறின. இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் இலக்கணத்திலும்கூட அந்தப் பயன் தெரிந்தது. பின்னர் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் இதே வழியிலான முயற்சிகள் நடந்தன. அவை ஆரம்பப் பிரிவு மாணவரிடம் செய்யப்பட்டவை என்பதால் தரம் 10க்கு அப்படியே பொருந்தும் என்று உறுதி கூற முடியாது. ஆயினும் தரம் 10 மாணவர் தரம் 5க்கு உரிய கதைநூலை வெட்கப்படாமல் வாசிக்கும் சூழலை உருவாக்க வேண்டும்; 98 விழுக்காட்டுச் சொல்வளம் என்ற நிபந்தனை நிறைவேறும் ஒரே இடம் அதுதான். மலையகப் பாடசாலை நூலகங்களுக்கு நல்லெண்ணத்தோடு வந்துசேரும் பெட்டிகளில் தடித்த நாவல்களும் பழைய கலைக்களஞ்சியங்களும் கிடக்கின்றன. மெல்லிய, படமுள்ள, எளிய நூல்கள் அரிது. நன்கொடை தருவோரிடம் இதைத் தெளிவாகச் சொல்லும் துணிவு அதிபர்களுக்கு வேண்டும்.

எதிர்வாதங்கள்

தமிழில் பேசவிட்டால் ஆங்கிலம் எப்போது வரும் என்று கேட்பார்கள். பேச்சுக்கும் வாசிப்புக்கும் பாதை ஒன்றே என்ற எண்ணத்தின்மேல் நிற்கும் கேள்வி அது. ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனைத் திறன் மற்ற மொழிக்குக் கைமாறும் என்ற ஜிம் கம்மின்ஸின் 1979ஆம் ஆண்டுக் கருதுகோளை இங்கே நினைவில் கொள்ளலாம். ஆனால் கைமாறுவதற்குத் தமிழில் அந்தத் திறன் இருக்க வேண்டும். லயத்துப் பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையிலான தூரம் பெரியது. வரலாற்றுப் பாடநூலின் தமிழ்ப் பந்தியையே விளங்கிக்கொள்ளாத மாணவர் உண்டு. எனவே ஆங்கில ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே தரத்திலான இரண்டு பந்திகளை, ஒன்று தமிழில் ஒன்று ஆங்கிலத்தில், கொடுத்துப் பார்க்கட்டும். தமிழில் ஊகித்து விடை எழுதி ஆங்கிலத்தில் தடுமாறுபவருக்குத் தேவை ஆங்கில மொழி. இரண்டிலும் வரியை எடுத்தெழுதுபவருக்குத் தேவை வாசிப்பு. அதைத் தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஆல்டர்சனின் வினாவுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் விடை வேறுபடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

மற்ற எதிர்வாதம் நேரம் பற்றியது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விடுகிறார், சில பாடசாலைகளில் ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியரே இல்லை. இவை உண்மையான இடர்கள். எனினும் குழுவில் ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் முறை, ஆசிரியர் குறைந்த இடத்தில்தான் அதிகம் பயன்படும். ஒரு தவணைக்கு இருபது பந்திகளைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குப் பதிலாக எட்டுப் பந்திகளை மாணவர் தாமே வாசித்து முடிப்பதை நான் தேர்வேன்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாளைத் தொட வேண்டியதில்லை. பாடசாலைத் தவணைப் பரீட்சையில் ஆங்கிலக் கிரகித்தல் பகுதியின் பாதி வினாக்களுக்கேனும் மாணவர் தமிழில் விடை எழுத அனுமதிக்கலாம். விடைகளைப் பந்தியிலிருந்து பார்த்தெழுதும் வழி அந்தக் கணமே அடைபடும். ‘அவர் ஏன் திரும்பி வந்தார்?’ என்ற வினாவுக்குத் தமிழில் விடை எழுதுபவர் பந்தியை விளங்கியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுத இயலாமையால் பூச்சியம் பெற்றுக்கொண்டிருந்த, ஆனால் வாசிக்கத் தெரிந்த மாணவர் வெளியே தெரிவார். வரியைப் பார்த்தெழுதிப் புள்ளி வாங்கிக்கொண்டிருந்த, ஆனால் வாசிக்கத் தெரியாத மாணவரும் தெரிவார். இருவருக்கும் வெவ்வேறு கற்பித்தல் வேண்டும். இன்று இருவரையும் ஒரே பட்டியலில் ‘ஆங்கிலத்தில் பலவீனம்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஹட்டன் வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்கள் அடுத்த தவணைக்கே தரம் 10இல் சில பாடசாலைகளில் இதைச் செய்து பார்த்து, விடைத்தாள்களைப் பத்தனைக் கல்லூரியின் பயிற்சி ஆசிரியர்களோடு சேர்ந்து வாசித்தால், எந்த வாக்கிய அமைப்பில் எத்தனை பேர் தடுக்கி விழுகிறார்கள் என்ற கணக்கு முதன்முறையாக நம் கையில் இருக்கும்.